பிட்யூட்டரிக் கட்டிக்குக் கதிர்வீச்சு: 5 வாரச் சிகிச்சை, 20 ஆண்டுக் கணக்கு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறுவைக்குப் பிறகும் மிஞ்சி வளர்கிற, அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத பிட்யூட்டரிக் கட்டியை அப்படியே நிறுத்தி வைப்பதில் கதிர்வீச்சு மிக நம்பகமான சிகிச்சை. ஆனால் அதன் விலையை உடல் தவணை முறையில் கட்டுகிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு ஹார்மோன் குறையும், எட்டாம் ஆண்டில் இன்னொன்று. அந்தத் தவணைகளைக் கண்காணித்து உடனுக்குடன் ஈடுகட்ட ஆள் இருக்கிற இடத்தில் இது நல்ல சிகிச்சை. கதிரைக் கொடுத்துவிட்டு "முடிந்தது, போய் வாருங்கள்" என்று அனுப்புகிற இடத்தில் பாதிச் சிகிச்சைதான் கிடைக்கிறது.

பிட்யூட்டரி பட்டாணி அளவுள்ள சுரப்பி; உடலின் மற்ற ஹார்மோன் சுரப்பிகளைத் தூண்டி இயக்குவது இதுதான். மூளையின் அடியில், மூக்கின் பின்புறம், ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. இருபுறமும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தக் குழி. அதனுள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஓடுகின்றன. அறுவை நிபுணர் கட்டி முழுவதையும் எடுக்க முடியாமல் நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் இந்தக் குழியின் வாசலில்தான். கதிர்வீச்சு ஆற்றும் நன்மையும், பிறகு கிளம்பும் தொல்லைகளும் இந்த நெருக்கடியான அமைப்பிலிருந்தே வருகின்றன.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியென்றால் கேபர்கோலின் மாத்திரையே முதல் சிகிச்சை. மருந்துக்கும் மசியாமல், அறுவைக்கும் அடங்காமல் நிற்கிற சிலருக்குத்தான் கதிர். மற்ற வகைகளுக்கு மூக்கு வழி அறுவை முதலில் வரும். ஹார்மோன் சுரக்காத கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் தெரியவில்லை என்றால், "எதற்கும் இருக்கட்டும்" என்று கதிர் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. சிறு மிச்சம் இருந்தாலும், அது பார்வை நரம்பைத் தொடாத வரை, ஆண்டுக்கொரு படம் எடுத்துக் கவனித்து, வளரத் தொடங்கினால் கொடுப்பது நியாயமான வழி. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் ஹார்மோன் குறைபாடில்லாத ஓர் ஆண்டு. மிச்சம் பெரியதாக இருந்தாலோ, கேவர்னஸ் சைனஸுக்குள் புகுந்திருந்தாலோ, திசுப் பரிசோதனையில் செல்கள் வேகமாகப் பெருகுவது தெரிந்தாலோ காத்திருப்பதற்கு அவ்வளவு இடமில்லை.

அக்ரோமெகலி (கட்டி வளர்ச்சி ஹார்மோனை மிதமிஞ்சிச் சுரப்பது), குஷிங் நோய் (கட்டி தூண்டுவதால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மிகுவது) இரண்டிலும் கணக்கு வேறு. அங்கே கட்டி வளராமல் நின்றால் மட்டும் போதாது. அது கக்கும் ஹார்மோனும் அடங்க வேண்டும்; அடங்காத ஒவ்வோர் ஆண்டும் இதயத்தையும் எலும்பையும் சர்க்கரை அளவையும் தின்கிறது.

என்னென்ன வகை, எந்த அளவு

தவணைக் கதிர்வீச்சுதான் பழையது, அதிகம் சோதிக்கப்பட்டதும் கூட. மொத்தம் 45 முதல் 50.4 கிரே (திசு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 1.8 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆகமொத்தம் 25 முதல் 28 தடவை. ஏன் இப்படிப் பொடிப்பொடியாகப் பிரிக்க வேண்டும்? ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே நல்ல நரம்புத் திசு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. இந்த மொத்த அளவில், ஒரு தடவையின் அளவு 2 கிரேயைத் தாண்டினால் பார்வை நரம்புக்கு அந்த அவகாசம் போதாது. வாரங்களைக் குறைக்கிறோம் என்று தினசரி அளவை ஏற்றிச் சொன்னால், அதற்கான காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

தொடங்குவதற்கு முன் முகமூடி செய்வார்கள். துளைத்துளையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் துவண்டுவிடும். அதை ஈரத்தோடு எடுத்து முகத்தின் மேல் இழுத்து, நெற்றி, மூக்குத்தண்டு, தாடை எல்லாவற்றோடும் ஒட்டும்படி விரலால் அழுத்தி, இரு பக்கமும் பலகையில் மாட்டுவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். இந்தச் சில நிமிடங்கள்தான் அடுத்த 5 வாரத்தின் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. தாடை சற்று மேலே தூக்கியிருந்தாலும், தலைமுடி கொத்தாகப் பின்னால் கட்டியிருந்தாலும் தலை தினமும் ஒரே இடத்தில் உட்காராது. முகமூடி செய்த பின் முடியை ஒட்ட வெட்டினாலோ, ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பினாலோ, பழைய முகமூடி பொருந்தாது. அப்போது புதிதாகச் செய்து, மறுபடி சி.டி. எடுப்பதே சரி. "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பரவாயில்லை" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், டெக்னாலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். தினமும் மேசையில் படுத்திருப்பது கால் மணி நேரம் போல. கதிர் பாய்வது அதில் சில நிமிடம் மட்டுமே.

ரேடியோசர்ஜரி என்பது மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுப்பது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய மாதிரிகளில் 192 கோபால்ட்-60 மூலங்கள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. சைபர்நைஃபும், தகுந்த கருவிகள் பொருத்திய லினாக் என்ற வழக்கமான கதிர்வீச்சு இயந்திரமும் இதே வேலையைச் செய்யும். ஹார்மோன் சுரக்காத கட்டிக்கு விளிம்பில் 12 முதல் 16 கிரே. சுரக்கும் கட்டிக்கு 20 முதல் 25 கிரே, சில சமயம் அதற்கும் மேலே. இதற்கு இரண்டு நிபந்தனைகள். கட்டி சுமார் 3 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பார்வை நரம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஒரே தவணையில் பார்வை நரம்பு தாங்கும் அளவு 8 கிரே என்பது பழைய எச்சரிக்கையான எல்லை. இப்போது பல மையங்கள் 10 கிரே வரை ஏற்கின்றன. அந்த இடைவெளி இல்லாதவருக்கு "ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்று வாக்குக் கொடுப்பது ஆபத்தானது. ஒன்று தவணை முறைக்குப் போக வேண்டும், அல்லது 5 நாளில் 25 கிரே என்ற நடுவழி.

புரோட்டான் கதிரைப் பற்றிப் பெரிய நம்பிக்கை உலவுகிறது. அது கட்டியைத் தாண்டியதும் நின்றுவிடுவதால் மீதி மூளைக்குப் போகும் கதிர் குறைகிறது. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் அது உண்மையான லாபம். ஆனால் மிஞ்சியிருக்கிற நல்ல பிட்யூட்டரித் திசு கட்டியோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கதிராக இருந்தாலும் அதன் மேல் விழத்தான் செய்யும். ஹார்மோன் குறைபாட்டைப் புரோட்டான் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாக்கைக் காப்பாற்றுகிறதா

கட்டியை நிறுத்துவதில் காப்பாற்றுகிறது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 1993இல் வெளியிட்ட 411 பேரின் கணக்கில், அறுவையோடு தவணைக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 94 சதவீதத்தினருக்கு 10 ஆண்டு வரை கட்டி மறுபடி வளரவில்லை. 20 ஆண்டில் 88 சதவீதம். அவை இன்றைய எம்.ஆர்.ஐ. இணைப்போ, கணினித் திட்டமிடலோ இல்லாத காலத்துக் கதிர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காமா நைஃபுக்கு, ஹார்மோன் சுரக்காத கட்டியுள்ள 512 பேரின் பல மையக் கணக்கு 2013இல் வந்தது: 5 ஆண்டில் 95, 10 ஆண்டில் 85 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கூட்டிக்கழிக்கக் கூடாது. காலமும் வேறு, கட்டியின் அளவும் வேறு, வளர்ச்சியை அளந்த விதமும் வேறு.

இங்கே நோயாளிகள் அதிகம் ஏமாறுவது ஒரு விஷயத்தில். கட்டி மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "மாற்றமில்லை" என்று இருந்தால் முகம் வாடிவிடுகிறது. மாற்றமில்லை என்பதுதான் வெற்றி. கதிர் பட்ட செல் உடனே சாவதில்லை. பிரிய முயலும்போதுதான் சாகிறது. இந்தக் கட்டியின் செல்களோ மிக மெதுவாகப் பிரிபவை. ஆகவே சுருங்கினாலும் ஆண்டுக்கணக்கில்தான் சுருங்கும்.

ஹார்மோன் அடங்குவது இன்னும் நிதானம். அக்ரோமெகலிக்குத் தவணைக் கதிர்வீச்சு பெற்ற 884 பேரின் பிரிட்டன் கணக்கு 2006இல் வெளியானது. வளர்ச்சி ஹார்மோன் பாதுகாப்பான அளவுக்கு இறங்கியவர்கள் 2 ஆண்டில் 22 சதவீதம், 10 ஆண்டில் 60, 20 ஆண்டில் 77. தொடங்கும்போது அளவு எவ்வளவு உயரமோ, அவ்வளவு நீண்ட காத்திருப்பு. அதனால்தான் முதலில் அறுவையால் முடிந்தவரை குறைத்துவிட்டுக் கதிருக்கு வருகிறார்கள். இடைப்பட்ட காலத்துக்கு ஹார்மோனை அடக்கும் ஊசி மருந்து தொடர வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதை நிறுத்தி ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பார்த்தால்தான், அடங்கியிருப்பது கதிராலா மருந்தாலா என்று தெரியும். மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசி உடலைவிட்டு நீங்கவே சுமார் 3 மாதம் ஆகும். 2 வாரம் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால் அந்த முடிவுக்குப் பொருளில்லை.

குஷிங் நோயில் ரேடியோசர்ஜரி வேகமானது. 278 பேரின் பல மையக் கணக்கில் கார்டிசால் அடங்கச் சராசரியாக 14.5 மாதம் ஆனது. 10 ஆண்டில் 80 சதவீதத்தினருக்கு அடங்கியிருந்தது. ஆனால் அடங்கியவர்களில் சிலருக்கு அது திரும்பியும் வந்திருக்கிறது. ஆகவே குணமாகிவிட்டது என்று கார்டிசால் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

தவணையாக வரும் விலை

சிகிச்சை நடக்கிற வாரங்களில் வரும் சோர்வு, லேசான தலைவலி, கதிர் நுழையும் பொட்டுப் பக்கம் திட்டாக முடி உதிர்வது எல்லாம் சில மாதங்களில் சரியாகிவிடும். இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது அடுத்த 20 ஆண்டு.

ஹார்மோன் குறைபாடு பொதுவாக ஒரு வரிசையில் வரும். முதலில் வளர்ச்சி ஹார்மோன், பிறகு பாலின ஹார்மோன்களைத் தூண்டுபவை, பிறகு கார்டிசாலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்., பெரும்பாலும் கடைசியில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். வரிசை மாறவும் செய்யும். அதை நம்பி ஒன்றைச் சோதிக்காமல் விடக் கூடாது. தவணைக் கதிருக்குப் பிறகு 10 ஆண்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு புதுக் குறைபாடு வந்துவிடுகிறது. மேலே சொன்ன 512 பேரின் காமா நைஃப் கணக்கில் 21 சதவீதம். அதிக தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் கதிரால் வருவது மிக மிக அரிது. அப்படிப் புதிதாக வந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இந்தக் குறைபாடுகள் சத்தம் போடாமல் வருகின்றன. களைப்பு, குளிர் தாங்காமை, மந்தம், ஆசைக் குறைவு, மாதவிடாய் தவறுவது. எல்லாவற்றுக்கும் வயதையோ வேலைப்பளுவையோ காரணம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும்கொள்கிறார்கள்.

பரிசோதனையில் நடக்கும் தவறுகளில் மோசமானது தைராய்டில். ஓர் அறிக்கையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: டி.எஸ்.எச். 2.1, பக்கத்தில் "இயல்பு". களைப்போடு வந்தவருக்கு "தைராய்டு நன்றாக இருக்கிறது" என்று பதில். சாதாரணமானவருக்கு இந்தப் பதில் சரி. பிட்யூட்டரியில் கதிர் வாங்கியவருக்குத் தவறு. டி.எஸ்.எச்.ஐச் சுரப்பதே பழுதான அந்தச் சுரப்பிதான். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் அதை உயர்த்திக் கூப்பிட அதற்குத் தெம்பில்லை. அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோனின் நேரடி அளவு) பார்த்திருந்தால் இயல்புக்குக் கீழே நின்றிருக்கும். இவர்களுக்கு ஃப்ரீ டி4 பார்க்காத தைராய்டு பரிசோதனை பரிசோதனையே அல்ல. மருந்தின் அளவையும் ஃப்ரீ டி4ஐ வைத்தே கூட்டிக்குறைக்க வேண்டும், டி.எஸ்.எச். குறைவாக இருக்கிறதென்று தைராக்ஸினை (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை.

அடுத்தது உயிருக்கே ஆபத்தானது. கார்டிசாலும் தைராய்டும் இரண்டும் குறைந்திருந்தால், முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் தொடங்க வேண்டும், அதன் பிறகே தைராக்ஸின். தைராக்ஸின் உடலில் உள்ள கார்டிசாலை வேகமாகச் செலவழிக்க வைக்கும். முறை மாறினால் ரத்த அழுத்தம் சரிந்து அட்ரீனல் நெருக்கடியில், அதாவது கார்டிசால் வற்றி உயிருக்கு ஆபத்தாகும் நிலையில், போய் முடியும்.

கார்டிசாலைக் காலை 8 முதல் 9 மணிக்குள் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 15க்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவே நின்றால் ஊசி போட்டுச் செய்யும் தூண்டல் பரிசோதனை வேண்டும். மதியம் எடுத்த கார்டிசால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடியிருப்பதால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஹைட்ரோகார்டிசோன் தொடங்கியவருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், இரண்டு மூன்றாகப் பிரித்து, பெரும்பங்கு எழுந்தவுடன். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லையென்றால் 100 மில்லிகிராம் ஊசி உடனே போட வேண்டும். இதை நோயாளிக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் இன்னொருவரும் ஊசி போடக் கற்றிருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாதே. சட்டைப்பையில் ஸ்டீராய்டு அட்டை (ஸ்டீராய்டை நம்பியிருப்பவர் என்று சொல்லும் அட்டை) எப்போதும் இருக்கட்டும்.

பார்வை பாதிப்பு பலரும் பயப்படுகிற அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. 1.8 கிரே தவணையில் மொத்தம் சுமார் 50 கிரேயோடு நிறுத்தினால் 1 முதல் 2 சதவீதம். வந்தால் பெரும்பாலும் 3 ஆண்டுக்குள், வலியில்லாமல் வரும். வந்தபின் திரும்பப் பெறுவது கடினம். அதனால் கதிர் தொடங்கும் முன்பே பார்வைப் புல வரைபடம் ஒன்று கையில் இருக்க வேண்டும். முந்தைய படம் இல்லாமல் பிந்தைய படத்தில் எது புதிய பாதிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவாதத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1999இல் வந்த ராயல் மார்ஸ்டன் ஆய்வில், கதிர் பெற்ற 331 பேருக்குப் பக்கவாத ஆபத்து பொதுமக்களைவிடச் சுமார் 4 மடங்கு. கதிர் கரோட்டிட் தமனியைத் தடிக்க வைப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ஆட்களுக்கு அறுவையும் நடந்திருக்கிறது; ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் குறைபாடும் ஈடு செய்யப்படாமல் இருந்திருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சிரமம். செய்யக்கூடியது எளிமையானது: ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் கட்டுக்குள் வைப்பது, புகையை அறவே விடுவது. இந்த அறிவுரையைப் புற்றுநோய்ப் பிரிவும் சொல்வதில்லை, ஹார்மோன் பிரிவும் சொல்வதில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கட்டி உண்டாகும் வாய்ப்பு சிறியது, ஆனால் உண்மையானது. 426 பேரின் 2005 ஆய்வில் 20 ஆண்டில் 2.4 சதவீதம்; மூளையுறைக் கட்டியும், கிளையோமா என்ற மூளைக் கட்டியும். 65 வயதுக்காரர் முடிவெடுக்கும்போது இந்த எண் அவ்வளவாகக் கனக்காது. 20 வயதுக்காரருக்குக் கனக்கும், கனக்கவும் வேண்டும். நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. கட்டி, அறுவை, கார்டிசால் எல்லாமே நினைவைத் தொடுபவை.

நல்ல சேவையை எப்படி அடையாளம் காண்பது

கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், மூளை அறுவை நிபுணர் மூவரும் ஒரே கூட்டத்தில் உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். திட்டமிட 1 மில்லிமீட்டர் அடுக்குகளில் எடுத்த எம்.ஆர்.ஐ.யைச் சி.டி.யோடு இணைத்தார்களா? பார்வை நரம்புச் சந்திப்புக்குப் போகும் அதிகபட்ச அளவு எத்தனை கிரே? இந்தக் கேள்விக்கு ஓர் எண் பதிலாக வர வேண்டும். "பயப்படாதீர்கள்" என்பது பதிலல்ல. தினமும் கதிருக்கு முன் இயந்திரத்திலேயே படம் எடுத்து நிலையைச் சரிபார்க்கிறார்களா? குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பது பற்றிய பேச்சு கதிருக்கு முன்பே வந்ததா?

முடிந்த பிறகு: 6 மாதத்தில் முழு ஹார்மோன் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும், ஆயுள் முழுக்க. எம்.ஆர்.ஐ. முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டலாம். பத்தாம் ஆண்டில் எல்லாம் இயல்பாக இருந்தாலும் பதினோராம் ஆண்டுப் பரிசோதனை உண்டு. அதன் பிறகும் புதுக் குறைபாடு தோன்றுகிறது.

கடைசி நாளன்று கதிர்வீச்சுத் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த அளவு, தவணை எண்ணிக்கை, தேதிகள், பார்வை நரம்பும் மூளைத்தண்டும் வாங்கிய அளவு எழுதிய தாளும், முழுத் திட்டக் கோப்பு உள்ள வட்டும். 15 ஆண்டு கழித்துக் கட்டி மறுபடி வளர்ந்தால், இரண்டாம் முறை கதிர் கொடுக்க இடமிருக்கிறதா என்பதை அந்தக் கோப்பை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதற்குள் மருத்துவமனை மென்பொருளை மாற்றியிருக்கலாம், பழைய பதிவுகளை அழித்திருக்கலாம். உங்கள் அலமாரியில் இருக்கும் நகல்தான் அப்போது கைகொடுக்கும்.